சி மொழியில் ஃபைலில் எழுதும்போது ரைட் தோற்றதா என்று மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி இதுதான்: லினக்ஸில் ஓடும் ஒரு சி நிரல், ஒவ்வொரு முறையும் ரைட் (write, ஃபைலில் எழுதச் சொல்லும் அழைப்பு) -1, அதாவது தோல்வி என்று திருப்புகிறதா எனப் பார்க்கிறது. திருப்பவில்லை என்றால் தரவு பத்திரமாகச் சேர்ந்துவிட்டது என்று நம்பலாமா?

நம்ப முடியாது. ரைட் வெற்றி என்றால், உங்கள் பைட்டுகளைக் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளி எடுத்து பார்சல் ஆபீஸில் மூட்டையைப் போட்டால் கையில் ஒரு ரசீது தருவார்கள். மூட்டையை வாங்கிக்கொண்டோம் என்பதற்கு அது சாட்சி. மதுரையில் இறங்கியதற்குச் சாட்சி ஆகாது. ரைட் திருப்பும் எண்ணும் அந்த ரசீது மாதிரிதான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். மணலி பக்கம் ஒரு வேபிரிட்ஜுக்கு எடை பதியும் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். லாரி உள்ளே வரும்போது காலி எடை, வெளியே போகும்போது லோடு எடை, இரண்டுக்கும் சீட்டு. ஒரு மழை ராத்திரி கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி பழசு, சில நிமிடத்தில் அதுவும் படுத்துவிட்டது. மறுபடி மெஷின் எழுந்தபோது 37 லாரிகளின் காலி எடை காணவில்லை. சீட்டு மட்டும் ஓட்டுநர்கள் கையில் பத்திரமாக இருந்தது. வண்டிகள் சாலை வரை வரிசையாக நின்றன. ஒரு அண்ணன் சீட்டை நீட்டி, "தம்பி, உங்க மெஷின் குடுத்த சீட்டுதானே இது? அப்புறம் உள்ள ஏன் இல்ல?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதில் என் கோடிலேயே இருந்தது. சி மொழி நூலகத்தின் எஃப்பிரின்ட்எஃப் (fprintf) கொண்டு எழுதியிருந்தேன். அது எதிர்மறை எண் திருப்புகிறதா என்று சோதித்தும் இருந்தேன். ஆனால் எஃப்பிரின்ட்எஃப், எஃப்ரைட் எல்லாம் எழுதியதை உடனே கெர்னலிடம் கொடுப்பதில்லை. நிரலுக்குள்ளேயே ஒரு பஃபரில் சேர்த்து வைக்கும். லினக்ஸில் அது பெரும்பாலும் 4096 பைட். என் பதிவு ஒன்று 80 பைட். ஆக, 51 லாரிகளின் விவரம் ரைட் என்ற அழைப்பே நடக்காமல் நிரலின் நினைவகத்தில் கிடக்க முடியும். எஃப்ஃபிளஷ் கூப்பிட்டால் பஃபர் காலியாகும். அதன் விடையையும் ஃபைலை மூடும் எஃப்குளோஸின் விடையையும் பார்க்காமல் விட்டால், முன்னால் செய்த சோதனை அத்தனையும் வீண்.

சரி என்று நேரடியாக ரைட்டுக்கு மாறினேன். அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. 80 பைட் கொடுத்தால் ரைட் 52 என்று திருப்பலாம். அது பிழைக் கணக்கில் வராது, பிழை எண் வைக்கப்படும் எர்னோவையும் (errno) தொடாது. மீதி 28 பைட்டை நாம்தான் மறுபடி கொடுக்க வேண்டும். வட்டு நிறைந்திருந்தால், அந்த இரண்டாவது அழைப்பில்தான் ‘இடம் இல்லை’ என்ற பிழை வெளியே வரும். மீதியைத் திரும்பக் கொடுக்கச் சுற்று (லூப்) போடாதவர்களுக்கு அந்தப் பிழை கண்ணில் படவே படாது. சிக்னல் குறுக்கிட்டு -1 வந்தால் எதுவும் எழுதப்படவில்லை என்று பொருள், அப்படியே திரும்பக் கூப்பிடலாம். மற்ற பிழைகளில் எர்னோவை முதல் வேலையாக ஒரு மாறியில் எடுத்து வையுங்கள். இடையில் ஒரு லாக் வரி அச்சிட்டாலே அதன் மதிப்பு மாறிவிடலாம்.

பாதி எழுதி நின்றுபோன பதிவை என்ன செய்வது? இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. அந்த 52 பைட் ஃபைலின் வாலில் அப்படியே இருக்கும். அடுத்த லாரியின் பதிவு அதோடு ஒட்டிக்கொண்டு இரண்டுமே கெடும். நான் எழுதும் முன் ஃபைலின் நீளத்தைக் குறித்துக்கொள்கிறேன். தோற்றால் எஃப்டிரங்கேட் கொண்டு பழைய நீளத்துக்கே வெட்டிவிடுகிறேன். வெட்டும் முன்பே கரண்ட் போனால்? அதற்காக ஒவ்வொரு பதிவின் முடிவிலும் ஒரு சிஆர்சி, அதாவது அந்தப் பதிவின் பைட்டுகளிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண். நிரல் தொடங்கும்போது கடைசிப் பதிவின் சிஆர்சி பொருந்தவில்லை என்றால் அதை நீக்கிவிட்டுத்தான் மேலே போகும்.

அடுத்தது எஃப்சிங்க் (fsync), எழுதியதை வட்டுக்கே அனுப்பிவிட்டுத் திரும்பு என்று கெர்னலிடம் சொல்லும் அழைப்பு. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நினைவகத்தில் வாங்கி வைத்த பக்கங்களை (தரவுத் துண்டுகளை) கெர்னல் தன் வசதிப்படி வட்டுக்கு அனுப்பும். 30 விநாடி பழசான பிறகுதான் அனுப்ப வேண்டியவை என்று கணக்கில் எடுக்கும், அது லினக்ஸின் இயல்பான அமைப்பு. எஃப்சிங்க் பூஜ்யம் திருப்பும் வரை, தரவு சேர்ந்தது என்று யாருக்கும் வாக்கு கொடுக்க முடியாது.

எஃப்சிங்க் தோற்றால் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று நானும் நினைத்திருந்தேன். அது தவறு. வட்டுக்கு எழுதும்போது பிழை வந்தால் லினக்ஸின் பல ஃபைல் சிஸ்டங்கள் அந்தப் பக்கத்தை ‘எழுதியாயிற்று’ என்று குறித்துவிடுகின்றன. பிழையை ஒரு முறை உங்களிடம் சொல்லிவிடும். இரண்டாவது எஃப்சிங்க் அனுப்ப எதுவும் இல்லை என்று பார்த்து வெற்றி என்று திருப்பும். தரவோ வட்டில் இருக்காது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தை எழுதுகிறவர்களே இதை 2018-இல்தான் முழுதாக உணர்ந்தார்கள். 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து எஃப்சிங்க் தோற்றால் அது மறுமுயற்சி செய்வதில்லை. தன்னையே நிறுத்திக்கொண்டு, மாற்றங்களை முன்பே எழுதி வைத்த பதிவேட்டிலிருந்து தரவை மீட்டு எழுகிறது. அத்தனை வருட அனுபவம் உள்ளவர்களுக்கே அந்த நிலை என்றால், நம் நிரலில் இதை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும்! உங்களிடம் தரவின் இன்னொரு பிரதி நினைவகத்தில் இருந்தால், புது ஃபைலில் முதலிலிருந்து எழுதுங்கள். இல்லையென்றால் தோல்வி என்று உரக்கச் சொல்லிவிடுங்கள்.

தினம் ஒரு புது ஃபைல் திறக்கிறீர்களா? அப்படியானால் அந்த ஃபைல் இருக்கும் அடைவையும் (ஃபோல்டரையும்) திறந்து அதற்கும் எஃப்சிங்க் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளடக்கம் வட்டுக்குப் போயும் ஃபைலின் பெயர் போகாமல் நிற்கலாம். அமைப்புக் கோப்பு போல முழுதாக மாற்றி எழுதும் ஃபைல்களுக்கு, அதே அடைவில் தற்காலிக ஃபைல் ஒன்றில் எழுதி, எஃப்சிங்க் செய்து, ரீநேம் செய்து, பிறகு அடைவுக்கு எஃப்சிங்க். வேறு பார்ட்டிஷனில் தற்காலிக ஃபைலை வைத்தால் ரீநேம் வேலை செய்யாது.

குளோஸின் விடையையும் பாருங்கள். நெட்வொர்க் வழி வட்டுகளில் இடம் தீர்ந்தது அங்கேதான் சில நேரம் தெரியவரும். ஆனால் குளோஸ் தோற்றது என்று லினக்ஸில் மறுபடி கூப்பிடாதீர்கள். திறந்த ஃபைலுக்குக் கெர்னல் கொடுத்திருந்த எண் அப்போதே விடுபட்டுவிட்டது. இடையில் நிரலின் வேறொரு திரெட் (இணையாக ஓடும் பகுதி) திறந்த ஃபைலுக்கு அதே எண் கிடைத்திருந்தால், அதை மூடிவிடுவீர்கள்.

சோதிப்பது எளிது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். லினக்ஸின் டெவ் அடைவில் ஃபுல் என்று ஒன்று இருக்கிறது. அதில் எதை எழுதினாலும் ‘இடம் இல்லை’ என்ற பிழைதான் வரும். உங்கள் நிரலின் வெளியீட்டை அதற்குள் திருப்பிவிட்டு, நிரல் பிழை என்று சொல்கிறதா, வெற்றி என்று முடிகிறதா பாருங்கள். நிரல் கெர்னலைக் கூப்பிடுவதைக் கண்காணிக்கும் ஸ்ட்ரேஸ் (strace) கருவியில், மூன்றாவது ரைட் மட்டும் தோற்க வேண்டும், எஃப்சிங்க் தோற்க வேண்டும் என்றெல்லாம் சொல்லி ஓட்டலாம். அப்புறம், மெஷினின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். நான் திருவொற்றியூரில் என் வீட்டு மேசையில் வைத்து ஒரு சாயங்காலம் முழுக்க அதைத்தான் செய்தேன்.

மணலி நிரலில் இப்போது வரிசை மாறியிருக்கிறது. முன்பு சீட்டு முதலில், பதிவு பிறகு. இப்போது எஃப்சிங்க் பூஜ்யம் திருப்பிய பிறகுதான் பிரிண்டருக்கு ஆணை போகும். சீட்டு வரக் கொஞ்சம் தாமதமாகிறது என்று ஆபரேட்டர் முதல் வாரம் சொன்னார், பிறகு பழகிவிட்டது. எஃப்சிங்க் தோற்றால் சீட்டு வராது. திரையில் சிவப்பில் "பதிவாகவில்லை, நோட்டில் எழுதவும்" என்று வரும். நோட்டு மேசைக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது.