டென்ஷனர் புல்லி மாற்றிய 19-ஆம் நாளில் என்ஜின் நின்றது: பட்டறையிடம் இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: ஐயா, மார்த்தாண்டம் பக்கத்தில் வசிக்கும் நான், என் பெயரில் வாங்கிய டீசல் காரை டாக்ஸியாக நானே ஓட்டிக் குடும்பம் நடத்துகிறேன். என்ஜின் பக்கம் கரகரவென்று சத்தம் கேட்டதால், களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலையில் உள்ள ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன். டைமிங் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் புல்லியின் பேரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, ஒரிஜினல் புல்லி போட்டதாக ரூ.9,800 வாங்கினார்கள். பணத்தை ஜிபேயில் அனுப்பினேன், பில் தரவில்லை. 19-ஆம் நாள் திருநெல்வேலிக்குச் சவாரி போகும்போது ஆரல்வாய்மொழி அருகே என்ஜின் சட்டென்று நின்றுவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்து அதே ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வால்வுகள் வளைந்துவிட்டன, ரூ.62,000 ஆகும் என்று மலையாளத்தில் ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். பழைய பெல்ட் போனதுதான் காரணம், அதையும் மாற்றச் சொன்னோம், நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள் என்கிறார்கள். பெல்ட்டைப் பற்றி ஏதோ சொன்னது நினைவிருக்கிறது. மாற்றாவிட்டால் என்ஜினே போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. பணம் கட்டாமல் வண்டியைத் தர மறுக்கிறார்கள். கேரளத்தில் போய் வழக்கு நடத்த எனக்கு வசதியில்லை. போலீஸில் புகார் கொடு என்கிறார் என் அத்தான். நான் என்ன செய்வது?

பதில்: வழக்கை எங்கே தொடுப்பது, எவ்வளவு கேட்பது என்பவற்றுக்கு முன்பாக, உங்கள் என்ஜினிலிருந்து கழற்றிய புல்லியும் பெல்ட்டும் இந்த நேரத்தில் எங்கே இருக்கின்றன என்பதையே நான் கேட்பேன். ஹெட்டைப் பிரித்த நாளிலேயே அவை பட்டறையின் மூலையில் உள்ள பழைய இரும்புக் குவியலுக்குப் போயிருக்கக்கூடும். ஆகவே இன்றே அங்கு சென்று, சண்டைக்கு இடம் கொடுக்காமல், புல்லி, அதைப் பிடித்திருந்த போல்ட், பெல்ட், ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் சிறு உருளை), வளைந்த வால்வுகள் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படமும் வீடியோவும் எடுத்துக்கொண்டு, அவற்றை அப்படியே பாதுகாத்து உங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டுவிடுங்கள். அவை உங்கள் உடைமை என்பதால், கேட்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு சரியாக ஒரு சுற்று சுற்றும்படி இரண்டையும் இணைத்து வைத்திருப்பது டைமிங் பெல்ட். அந்தப் பெல்ட் தளராமல் காப்பது டென்ஷனர். பெல்ட் அறுந்தாலோ பல் தாவினாலோ, மூடியிருக்க வேண்டிய வால்வு திறந்து நிற்க, மேலே வரும் பிஸ்டன் அதில் மோதி அதை வளைத்துவிடுகிறது. எனவே வால்வு வளைந்திருப்பது யார் மீதும் தவற்றைக் காட்டுவதில்லை. பெல்ட் முதுமையால் அறுந்தாலும் அது வளையும், புதிய புல்லியைத் தவறாகப் பொருத்தினாலும் வளையும். ஆனால் கழன்ற பொருள்களை விவரம் தெரிந்தவர் பார்த்தால் வேறுபாடு தெரியும். பெல்ட்டின் முதுகு முழுவதும் வெடிப்பு ஓடியிருந்தால் அது வயதைக் காட்டும். ஒரு பக்க ஓரம் மட்டும் பிசிறு பிசிறாக அரைந்திருந்தால் புல்லி நேராக உட்காரவில்லை என்று ஐயப்பட இடமுண்டு. போட்டு 19 நாளே ஆன பேரிங் இறுகி, சூட்டில் நிறம் மாறியிருந்தால், புல்லி தரமற்றது அல்லது பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டது என்று வாதிடலாம். போல்ட் தளர்ந்திருந்தால் அதிகம் பேச வேண்டிய அவசியமே இருக்காது.

இவற்றை ஆராய நீங்கள் தனியாக ஓர் ஆளை அழைத்துச் சென்றால், பொருளை மாற்றிவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு பின்னால் சொல்லும். ஆகவே, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரத்தில் கூட்டாகப் பார்வையிடலாம் என்று பட்டறை உரிமையாளருக்கு முன்கூட்டியே எழுதி, அவர் வந்தாலும் வராவிட்டாலும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்ற வாகன சர்வேயர் ஒருவரையோ, அந்த என்ஜினில் நீண்ட அனுபவமுள்ள மெக்கானிக்கையோ கொண்டு பார்வையிட்டு எழுத்துப்பூர்வ அறிக்கை பெறுங்கள். அறிக்கை தருபவர் பின்னால் பிரமாணப் பத்திரம் தரவும் சம்மதிக்க வேண்டும். வாய்மொழியாக "இது அவன் வேலைதான்" என்று சொல்லிவிட்டு, நுகர்வோர் ஆணையம் என்றதும் நழுவும் நிபுணரால் பயனில்லை. இந்த அறிக்கை கைக்கு வரும்வரை வேறெங்கும் என்ஜினைச் சரிசெய்துவிடாதீர்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஏற்றுக்கொண்ட வேலையின் தரத்திலோ செய்முறையிலோ உள்ள குறைபாடும், நுகர்வோருக்கு இழப்பு நேரும்படியான கவனக்குறைவும், வேண்டுமென்றே தகவலை மறைப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு ஆகும். பில் தராதது பிரிவு 2(47)-இல் நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே குறிப்பிடப்பட்டுள்ளது. பழைய புல்லியைப் புதிது என்று போட்டிருந்தால் அதுவும் அதே பிரிவில் அடங்கும். பில் இல்லாததால் வழக்கு போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். பணம் சென்ற வங்கிக் கணக்கு விவரமும், தொலைபேசியில் உள்ள உரையாடல்களும், அவர்களே எழுதித் தந்த மலையாளத் தாளும் போதுமான தொடக்கம். அந்தத் தாளைத் தமிழ் மொழிபெயர்ப்புடன் இணைக்க வேண்டும். விளவங்கோடு வட்டத்தில் மலையாளம் படிக்கத் தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை.

இனி, பெல்ட்டைப் பற்றிய பேச்சு. உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி, "ஏதோ சொன்னது நினைவிருக்கிறது" என்பதுதான். இதைப் புகாரில் மறைத்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள், மறைக்காதீர்கள். மெக்கானிக்கின் கைபேசியில் ஒரு குரல் பதிவு இருந்து, அது ஆணையத்தின் முன் ஒலித்தால், நீங்கள் உண்மையாகச் சொன்ன மற்றவையும் சேர்ந்து விழுந்துவிடும். மாறாக, நடந்ததை நடந்தபடி எழுதுவது உங்களுக்குச் சாதகமானது. டைமிங் பெல்ட்டைப் பிரிக்கும் வேலையில் பெல்ட், டென்ஷனர், ஐட்லர் மூன்றையும் ஒன்றாக மாற்றும்படிதான் பொதுவாக அறிவுறுத்துவார்கள். அந்தத் தொழிலையே செய்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்; பழைய பெல்ட்டையே திரும்பப் போட்டால் நேரக்கூடிய ஆபத்தைத் தெளிவாகச் சொல்லி, வாடிக்கையாளர் மறுத்தால் அந்த மறுப்பை ஜாப் கார்டில் (வேலை விவரம் எழுதும் அட்டையில்) எழுதிக் கையொப்பம் பெறுவது அவருடைய கடமை. "பெல்ட்டும் மாற்றிக்கலாம்" என்று போகிற போக்கில் சொல்வது எச்சரிக்கை ஆகாது என்பதே உங்கள் வாதமாக இருக்க வேண்டும். நீங்கள் மறுத்தீர்கள் என்று சொல்பவர் அவர். அதை மெய்ப்பிக்கும் சுமையும் அவருடையது.

ஆயினும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ட் முதுமையால்தான் அறுந்தது என்று அறிக்கை வந்து, நீங்கள் மறுத்ததும் உறுதியானால், ரூ.62,000 முழுவதையும் எதிர்பார்க்க முடியாது. புல்லியிலோ பொருத்திய விதத்திலோ குறை என்று வந்தால், பெல்ட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வலுவிழந்துவிடும். அந்த நிலையில் பட்டறையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: போல்ட்டை இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்கினீர்களா, அந்த என்ஜினுக்குத் தயாரிப்பாளர் தரும் அளவு எது, பொருத்திய பின் என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி டைமிங் குறிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தீர்களா, புல்லி வாங்கிய கடையின் பில் எங்கே?

வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பற்றி: இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவு 170, தன்னிடம் ஒப்படைத்த பொருளின் மீது உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், அதற்குரிய கூலி வரும்வரை அப்பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. வைரத்தை வெட்டி மெருகிடக் கொடுத்தால், கூலி தரும்வரை நகைத் தொழிலாளி அதை வைத்துக்கொள்ளலாம் என்று அச்சட்டமே உதாரணம் காட்டுகிறது. ஆனால் இந்த உரிமை செய்து முடித்த வேலைக்கு மட்டுமே. ரூ.62,000 என்பது இன்னும் செய்யாத வேலையின் மதிப்பீடு. அதற்காக வண்டியை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்க முடியாது. ஹெட்டைப் பிரித்ததற்கு நீங்கள் சம்மதித்திருந்தால், அந்தக் கூலியை மட்டும் அவர் கேட்கலாம். அதைக்கூடத் தவறு தன்னுடையதாக இருக்கையில் கேட்க முடியாது என்று வாதிட இடமுண்டுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் சவாரி இழக்கும் ஒருவருக்கு அந்த வாதம் கட்டுப்படியாகாது. நியாயமான பிரிப்புக் கூலியை, "என் உரிமைகளுக்குப் பாதிப்பின்றி, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டி, ரசீது வாங்கி, வண்டியையும் எல்லா உதிரிப் பாகங்களையும் வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கும் இணங்காவிட்டால், புகாருடன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38(8)-இன்கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

கேரளம் போக வேண்டியதில்லை. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருந்த காலத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்துக்கோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்துக்கோதான் போயாக வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இப்போதைய சட்டத்தின் பிரிவு 34(2)(ஈ), புகார் தருபவர் வசிக்கும் இடத்திலேயே தொடுக்க அனுமதிப்பதால், நாகர்கோவிலில் உள்ள கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். எல்லைக்கு இப்பால் இருப்பவர்களுக்கு இந்தத் திருத்தம் எவ்வளவு பெரிய உதவி என்பது பரவலாகத் தெரியவில்லை. ஆணையத்தின் பண வரம்பு, நீங்கள் கேட்கும் இழப்பீட்டைக் கொண்டல்ல, நீங்கள் கொடுத்த தொகையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது, அது ரூ.5 லட்சத்துக்கு உட்பட்டிருப்பதால் தாக்கல் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். நோட்டீஸ் அனுப்புவது கட்டாயமில்லை என்றாலும், 15 நாள் அவகாசம் தந்து ஒப்புகையுடன் ஒன்று அனுப்புங்கள். வழக்கில்லாமலே முடிய அது ஒரு வாய்ப்பு.

டாக்ஸி என்பதால், "வணிக நோக்கம், ஆகவே இவர் நுகர்வோர் அல்ல" என்ற தடை எழுப்பப்படும். சுயதொழிலால் பிழைப்பதற்காக மட்டும் பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரைப் பிரிவு 2(7)-இன் விளக்கம் காக்கிறது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர் என்றும், முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்காக வாங்குபவர் அல்லர் என்றும் உச்ச நீதிமன்றம் 1995-இல் லட்சுமி என்ஜினீயரிங் வழக்கில் விளக்கியது. அந்த விளக்கத்தில் "பொருள்" என்ற சொல்தான் உள்ளது, "சேவை" இல்லை என்று கெட்டிக்கார வழக்கறிஞர் வாதிடலாம். நீங்கள் புல்லி என்ற பொருளையும் விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்பதே பதில். ஆகவே புகாரின் முதல் பத்தியிலேயே, இது உங்கள் ஒரே வண்டி, நீங்களே ஓட்டுகிறீர்கள், வேறு வருமானம் இல்லை என்பவை உண்மையாக இருந்தால், அவற்றை எழுதுங்கள். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் என் கருத்து மாறும்.

கோர வேண்டியவை: ரூ.9,800, இழுவைச் செலவு, உண்மையில் ஆகும் பழுதுச் செலவு, வண்டி நின்ற நாள்களின் வருமான இழப்பு, வழக்குச் செலவு. வருமான இழப்புக்கு முந்தைய சில மாதங்களின் வங்கிக் கணக்கும் சவாரிக் குறிப்பும் வேண்டும். ஆதாரமில்லாமல் லட்சக்கணக்கில் கேட்டால் நியாயமான தொகையின் மீதும் சந்தேகம் விழும். வாகனக் காப்பீட்டை நம்ப வேண்டாம், வழக்கமான பாலிசியில் இயந்திரக் கோளாறு விலக்கப்பட்டுள்ளது.

காவல் நிலையம் போகும் யோசனையை இப்போதைக்கு ஒத்தி வையுங்கள். பழுது நீக்கியதில் கவனக்குறைவு என்பது உரிமையியல் தகராறு. அங்கே கொடுத்தால் சமரசம் பேசி அனுப்புவார்கள், அந்தப் பேச்சில் நீங்கள் கையொப்பமிடும் ஒரு தாள் பின்னால் உங்களுக்கே எதிராக நிற்கும். ஆனால் எழுத்தாகக் கேட்ட பிறகும் வண்டியின் பாகங்களை அவர்கள் விற்றுவிட்டதாகவோ வேறு வண்டியில் போட்டுவிட்டதாகவோ தெரியவந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 316-இல் உள்ள நம்பிக்கை மோசடி என்ற கோணம் எழும். அப்போது அந்த வாட்ஸ்அப் செய்தியின் நகலுடன் புகார் கொடுக்கலாம்.