வெளியே ஓட மட்டும்: தப்பிக்கும் சுவாசக் கருவிகள், கேள்வி பதில்

அமோனியா குளிர்பதன ஆலைகளில் பல வருடம் சேஃப்டி வேலை பார்த்தவன் நான். நச்சு வாயு கசிந்தால் மாட்டிக்கொண்டு வெளியேறும் ‘எஸ்கேப் செட்’ பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி (தூத்துக்குடி, மீன் பதப்படுத்தும் ஆலை): சார், எங்கள் ஆலையில் அமோனியா ஓடுகிறது. வடிகட்டி வைத்த முகமூடியே போதும், விலை குறைவு என்கிறார் மேனேஜர். நான் சிலிண்டர் செட் கேட்கிறேன். யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே பாதி சரி. பேக்கிங் ஹாலில் இருப்பவர்களுக்கு அமோனியாவின் நெடி முன்கூட்டியே வந்துவிடும், வாசலும் பக்கம். அவர்களுக்கு, அமோனியாவுக்கான அடையாளமாக ‘கே’ எழுத்தும் பச்சைப் பட்டையும் உள்ள வடிகட்டி ஹூட் போதும். ஆனால் தலை முழுவதையும் மூடும் ஹூட்டாக வாங்குங்கள். மூக்கையும் வாயையும் மட்டும் மூடுவதை வாங்கினால் கண் எரிந்து திறக்கவே முடியாது, அப்புறம் வாசலை எப்படித் தேடுவது? கழுத்துப் பட்டை தோல்மேல் படிய வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். கொண்டையோ வலைத்தொப்பியோ நடுவில் சிக்கினால் அந்த வழியாக வாயு உள்ளே வரும்.

கம்ப்ரஸர் ரூம் கதை வேறு. அமோனியா 300 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு) தொட்டாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கு. மூடிய அறையில் குழாய் வெடித்தால் அது ஆயிரக்கணக்கில் ஏறும், வடிகட்டி தாங்காது. அங்கே சிலிண்டர்தான். 2 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் விடும் ஹூட்டில் அது 10 நிமிடம் வரும். வாங்குவதற்கு முன் ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சோடு, அறையின் கடைசி மூலையிலிருந்து வெளி கேட் வரை நடந்து பாருங்கள். ஏணி, வழுக்கும் தரை எல்லாம் சேர்த்து வரும் நேரத்தை இரண்டு மடங்காக்கிக்கொண்டு செட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் செட் நான்கையும் கம்ப்ரஸருக்குப் பின்சுவரில் மாட்டியிருந்தார்கள். கசிவு வந்த அன்று அதை எடுக்க வாயுவுக்குள்தான் போக வேண்டும் என்ற நிலை. நல்லவேளை, எடுக்காமலே ஓடிவிட்டார்கள். ஆள் நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் மாட்டுங்கள். அலமாரியில் வைத்துப் பூட்டவே கூடாது.

கேள்வி: ஈரத் துண்டு போதாதா ஐயா?

வேறு எதுவும் கையில் இல்லையென்றால் அதுவாவது. அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் கொஞ்ச தூரம் உதவும். கார்பன் மோனாக்சைடிடம் அந்த வித்தை பலிக்காது.

கேள்வி (வளைகுடா எண்ணெய் வயல்): அண்ணா, இடுப்பில் 10 நிமிட செட் இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் போட்டுக்கொண்டால் போதுமா?

மூக்கை நம்பாதே தம்பி. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுடையது; அது 100 பிபிஎம் அளவுக்கு வந்தால் மோப்பமே செத்துவிடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் மோசமானது. டிடெக்டர் கத்தியதும் மூச்சை அடக்கு, செட்டை மாட்டு, காற்றுத் திசைப் பையைப் பார். முதலில் காற்றுக்குக் குறுக்கே விலகு, அப்புறம் காற்று வரும் பக்கம் போ. அந்த வாயு காற்றைவிடக் கனம். அதனால் பள்ளத்தில் இறங்காதே.

கேள்வி (கப்பல் கேடட்): சார், டேங்குக்குள் ‘ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு வா’ என்று ஈஈபிடி-யை (கப்பலில் வைக்கும் அவசரத் தப்பிப்பு சுவாசக் கருவி) கொடுத்து இறங்கச் சொன்னார் மேலதிகாரி. நான் மறுத்தேன். தப்பா?

மறுத்தது முழுக்கச் சரி. கப்பல்களின் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பிலேயே இருக்கிறது: இந்தக் கருவியைத் தீயணைக்கவோ, ஆக்சிஜன் குறைந்த அறைக்கும் டேங்குக்கும் உள்ளே போகவோ பயன்படுத்தக் கூடாது. அந்த வேலைக்குத் தனியாக முழு சுவாசக் கருவி இருக்கிறது. ஈஈபிடி-க்கு விதி கேட்பதே குறைந்தது 10 நிமிடக் காற்றுதான். இறங்கி ஏறுவதற்குள் அது தீர்ந்துபோகலாம். கீழே சக ஊழியர் மயங்கிக் கிடந்தாலும் இதே பதில்தான். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அப்படி இறங்கியவர்கள் பலர் இரண்டாவது சடலமாகத்தான் மேலே வந்தார்கள். அலாரம் அடித்து மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்களிடம் நைட்ரஜன் லைன் மட்டும்தான். விஷ வாயு இல்லையே, வடிகட்டி போதுமா?

போதவே போதாது. வடிகட்டி காற்றைச் சுத்தம் செய்யும், ஆக்சிஜனை உண்டாக்காது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போகும் வாய்ப்புள்ள இடத்தில் வடிகட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதால் மயங்குவதற்கு முன் எதுவும் தெரியாது.

கேள்வி: தாடி வைத்திருக்கிறேன். எடுத்தே ஆக வேண்டுமா?

முகத்தில் ஒட்டும் மாஸ்க் என்றால் ஆமாம். கழுத்தில் இறுகும் ஹூட் என்றால் பெரும்பாலும் வேண்டாம், ஆனால் கழுத்துக்கு இறங்கிய தாடியானால் சிக்கல்தான்.

கேள்வி (நிலக்கரிச் சுரங்கம்): பயிற்சியில் செல்ஃப் ரெஸ்க்யூவரில் (சுரங்கத்திலிருந்து தப்பிக்க வாயில் கடித்துக்கொள்ளும் கருவி) மூச்சு இழுத்தபோது காற்று சூடாக வந்தது. பழுதா?

பழுதில்லை. கார்பன் மோனாக்சைடை மாற்றும் வடிகட்டி வகையும் சரி, ரசாயனத்தால் ஆக்சிஜன் தரும் வகையும் சரி, வேலை செய்யும்போது சூடாகும். காற்று வறண்டும் இருக்கும். ‘கெட்டுவிட்டது’ என்று வாயிலிருந்து பிடுங்கினால்தான் ஆபத்து.

கேள்வி: சீல் உடையாமல் இருந்தால் அப்படியே வைத்திருக்கலாமா?

சிலிண்டர் என்றால் அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வடிகட்டி என்றால் பெட்டிமேல் காலாவதித் தேதி இருக்கும். தேதி முடிந்ததைக் குப்பையில் போடாதீர்கள். ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று சிவப்பில் எழுதி, ஷிஃப்டுக்கு இரண்டு பேராகக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பழகச் சொல்லுங்கள்.