குருதி வடித்த ஈராயிரம் ஆண்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் கடைசி நாளைப் பற்றி அண்மையில் படித்தேன். தொண்டை வலி என்று படுத்தவரின் உடலிலிருந்து ஒரே நாளில் நான்கு முறை இரத்தத்தை வெளியேற்றியிருக்கிறார்கள். அன்றிரவே அவர் இறந்துவிட்டார். இந்தச் சிகிச்சை கிரேக்கர் காலத்திலிருந்து ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்து வந்தது என்றும் அறிந்தேன்.

என் தாத்தா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். தலைமுறை தலைமுறையாக நிலைத்த வைத்தியத்தில் உண்மை இல்லாமல் போகாது என்பார். அப்படியானால் இரத்தம் வடிப்பதிலும் ஏதோ உண்மை இருந்திருக்க வேண்டுமே? இல்லையென்றால் அத்தனை தலைமுறை மருத்துவர்களும் முட்டாள்களா, ஏமாற்றுக்காரர்களா? நோயாளி கண்ணெதிரே சாவதைப் பார்த்துமா அவர்களுக்கு உறைக்கவில்லை?

க. ச., கும்பகோணம்

அன்புள்ள க. ச.,

அவர்களில் பெரும்பாலோர் தம் காலத்தின் மிகச் சிறந்த அறிவாளிகள். நோயாளியின் அருகில் மணிக்கணக்கில் அமர்ந்து உன்னிப்பாகக் கவனித்தவர்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள்மீது எனக்கு மரியாதை இல்லை, ஏனென்றால் அவர்கள் இடத்தில் நாம் இருந்திருந்தால் நாமும் கத்தியைத்தான் எடுத்திருப்போம்.

வாஷிங்டனின் கதையிலேயே இதற்கான சான்று இருக்கிறது. 1799 டிசம்பர் 12 அன்று அவர் பனியிலும் மழையிலும் குதிரையேறித் தம் பண்ணையைச் சுற்றி வந்தார். 14ஆம் தேதி விடிவதற்கு முன் மூச்சுத் திணறத் தொடங்கியது. மருத்துவர் வந்து சேரும் முன்னரே, பண்ணையின் மேற்பார்வையாளர் ராலின்ஸை வரவழைத்துத் தம் கையில் நரம்பைத் திறக்கச் சொன்னவர் வாஷிங்டனேதான். ராலின்ஸ் தயங்கியபோது, பயப்படாதே என்றார். போதும் நிறுத்துங்கள் என்று மனைவி மார்த்தா கெஞ்சியபோது, இன்னும் வடியட்டும் என்றார். பிறகு வந்த மருத்துவர்கள் அவர் விரும்பியதையே மேலும் செய்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 80 அவுன்ஸ், அதாவது இரண்டேகால் லிட்டருக்கும் மேல் எடுத்தார்கள் என்று பின்னாளில் கணக்கிடப்பட்டது. அந்த ஆகிருதியுள்ள மனிதரின் உடலில் ஓடும் குருதியில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வந்த மூவரில் இளையவரான எலைஷா டிக், இனியும் எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சுக்குழாயில் துளையிட்டுக் காற்றுக்கு வழி செய்யலாம் என்றார். மூத்தவர்கள் அதற்கு இணங்கவில்லை. இளையவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று அவர்களில் ஒருவரான பிரவுன் சில வாரங்களுக்குள்ளேயே மற்றவருக்குக் கடிதம் எழுதினார். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நோயாளிக்கும் மருத்துவருக்கும் ஒரே நம்பிக்கைதான் இருந்தது.

அந்த நம்பிக்கையின் கோட்பாட்டுப் பக்கத்தை நம் வாசகர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கும் சமநிலையில் இருந்தால் நலம், ஒன்று மிகுந்தால் நோய் என்று கிரேக்க மருத்துவம் சொன்னது. மிகினும் குறையினும் நோய் என்ற குறளைப் படித்து வளர்ந்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. சுசுருதரின் நூல் கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை ஆகியவற்றால் குருதியை உறிஞ்சி எடுக்கும் முறைகளை விவரிக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 வகைப் புற மருத்துவங்களில் அட்டை விடலும் குருதி வாங்கலும் இடம்பெறுகின்றன. எனவே இது மேலைநாட்டாரின் தனிப்பட்ட மயக்கம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் ரோமிலேயே, குருதி வடிப்பதை ஏற்காத மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்களை எதிர்த்துக் கிரேக்க மருத்துவர் காலென் தனி நூல்களே எழுதினார். வாதத்தில் அவர் வென்றார், அடுத்த ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு அவர் சொன்னதே பாடமாயிற்று.

ஆனால் கோட்பாடு மட்டும் ஒரு சிகிச்சையை இத்தனை காலம் தாங்கி நிற்காது. கண்ணுக்குத் தெரிந்த பலன் இருந்தது, அதைத்தான் நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கடும் காய்ச்சலில் முகம் சிவந்து, நாடி விறைத்துத் துடிக்க, பிதற்றிக்கொண்டு படுத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முழங்கையின் உட்புறத்தில் நரம்பைத் திறந்து, அவருக்கு மயக்கம் வரும் நிலை வரை கிண்ணத்தில் குருதியைப் பிடிக்கிறார்கள். சற்று நேரத்தில் முகத்தின் சிவப்பு வெளிறுகிறது, நாடி மெலிகிறது, வியர்வை அரும்பித் தோல் குளிர்கிறது, வலியின் முனகல் அடங்குகிறது, நோயாளி உறங்கிவிடுகிறார். இவை அனைத்தும் குருதி இழப்பின் அறிகுறிகள் என்று இன்றைய மருத்துவ மாணவர் சொல்லிவிடுவார். சுற்றி நின்ற உறவினருக்கோ காய்ச்சல் இறங்கியதாகவே தெரிந்தது. கிண்ணத்தைப் பார்த்தாலும் சான்று கிடைத்தது. கடும் அழற்சி உள்ளவரின் குருதி உறையும்போது அதன் மேல் மஞ்சள் நிறத்தில் ஓர் ஏடு படியும். நலமாக உள்ளவரின் குருதியில் அது அவ்வளவாகப் படியாது. நோயின் விஷமே வெளியே வந்துவிட்டது என்று மருத்துவர்கள் அதைக் காட்டினார்கள். அந்தக் கவனிப்பு தவறானதன்று. அழற்சியின்போது சிவப்பணுக்கள் வேகமாகக் கீழே படிவதால் அந்த ஏடு உண்டாகிறது. இன்று ஆய்வகத்தில் ஈ.எஸ்.ஆர். என்று நாம் எடுக்கும் சோதனை அளப்பது அந்த வேகத்தைத்தான். கண்டது சரி, அதிலிருந்து முடிவு கட்டியதுதான் பிழை.

இதற்கு மேல், பெரும்பாலான காய்ச்சல்கள் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே தணிந்துவிடும். பிழைத்தவர் வைத்தியத்தால் பிழைத்தார் என்பார்கள். இறந்தவர் விஷயத்தில், தாமதமாக அழைத்தார்கள், போதிய அளவு எடுக்க விடவில்லை என்று ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கும். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை: சாவை அவர்கள் பார்த்தார்கள், ஆனால் எந்தச் சாவும் அந்தச் சிகிச்சைக்கு எதிரான சாட்சியாகக் கணக்கில் ஏறவில்லை. அறிவாற்றலால் இந்தச் சுழலை உடைக்க முடியாது என்பதற்கு வில்லியம் ஹார்வியே சான்று. குருதி உடலில் சுற்றி வருகிறது என்று 1628இல் நிறுவிக் காலெனின் அடிப்படையையே தகர்த்தவர் அவர். அதே ஹார்வி குருதி வடிப்பதைக் கடைசி வரை ஆதரித்தார்.

நற்குணத்தாலும் முடியாது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவரும், அடிமை முறையை எதிர்த்தவரும், மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதைக் கண்டித்தவருமான மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1793இல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, ஓட முடிந்தவர்கள் எல்லாம் ஓடிய நகரில் தங்கி, விடிந்தது முதல் இரவு வரை நோயாளிகளைப் பார்த்தார். ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்த ஊரில் சுமார் 5,000 பேர் மாண்டனர். மனித உடலில் உண்மையில் இருப்பதைப் போல இரு மடங்கு குருதி இருப்பதாக ரஷ் கணித்திருந்ததால், அவர் எடுத்த அளவும் அதற்கேற்ப மிகுதியாக இருந்தது. அவருக்கே அந்தக் காய்ச்சல் வந்தபோது தமக்கும் அதே சிகிச்சையைச் செய்துகொண்டார், பிழைத்தும்விட்டார். அதற்குப் பிறகு அவரிடம் யார் என்ன வாதிட்டிருக்க முடியும்? வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர் இறப்புப் பதிவுகளை எடுத்துக்காட்டி, ரஷ் ஆட்களைக் கொன்று தள்ளுகிறார் என்று எழுதினார். ரஷ் அவதூறு வழக்குத் தொடுத்தார். காபெட் 5,000 டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. தீர்ப்பு வந்த நாள் 1799 டிசம்பர் 14. கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள், வாஷிங்டன் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அதே நாள்.

சுழலை உடைக்கும் வழியை ஒருவர் இதற்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார். யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் பிரஸ்ஸல்ஸ் நகரத்து மருத்துவர். அவர் இறந்தபின் 1648இல் மகன் வெளியிட்ட நூலில் காலெனியவாதிகளுக்கு ஓர் அறைகூவல் இருக்கிறது. மருத்துவமனைகளிலிருந்து காய்ச்சல் கண்ட ஏழைகள் 200 பேரையோ 500 பேரையோ எடுப்போம்; இரண்டு பாதியாகப் பிரிப்போம்; எந்தப் பாதி யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போடுவோம்; நீங்கள் குருதி வடித்துக் குணப்படுத்துங்கள், நான் வடிக்காமல் குணப்படுத்துகிறேன்; கடைசியில் யார் பக்கம் எத்தனை சவ ஊர்வலம் என்று எண்ணிப் பார்ப்போம். பந்தயத் தொகை 300 ஃபுளோரின். யாரும் அதை ஏற்கவில்லை. அந்தச் சில வரிகளில் எனக்கு மிக நுட்பமாகத் தோன்றுவது சீட்டுக் குலுக்கல்தான், அதன் அவசியம் மருத்துவ உலகுக்கு விளங்க முந்நூறு ஆண்டுகள் ஆயின.

எண்ணிப் பார்க்கும் வேலையைக் குருதி வடிப்பதில் முதலில் முறையாகச் செய்தவர் பாரிஸ் மருத்துவர் பியேர் லூயி. அவர் காலத்துப் பாரிஸில் புரூசே என்ற மருத்துவரின் புகழ் கொடிகட்டிப் பறந்தது. எல்லா நோய்க்கும் வேர் அழற்சி, எல்லா அழற்சிக்கும் மருந்து அட்டை என்பது புரூசேயின் கொள்கை. 1833ஆம் ஆண்டில் மட்டும் பிரான்ஸ் நான்கு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. லூயி நிமோனியா கண்ட 77 பேரின் குறிப்புகளை எடுத்துக்கொண்டார். நோய் தொடங்கிய முதல் நான்கு நாளுக்குள் குருதி வடிக்கப்பட்டவர்கள் 41 பேர், அவர்களில் 18 பேர் இறந்தனர். அதற்குப் பிறகு வடிக்கப்பட்டவர்கள் 36 பேர், இறந்தவர்கள் 9. சீக்கிரம் வடித்தால் பிழைப்பார் என்ற பாடம் உண்மையானால் கணக்கு தலைகீழாக வந்திருக்க வேண்டும். இதிலும் குறை உண்டு. குருதியே வடிக்கப்படாதவர் ஒருவரும் இந்த 77 பேரில் இல்லை, இரு குழுவும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவையும் அல்ல. சீக்கிரம் வடிக்கப்பட்டுப் பிழைத்தவர்களுக்கு நோய்க்காலம் மூன்று நாள் அளவில் குறைந்திருந்தது என்பதையும் லூயி மறைக்காமல் எழுதினார். சிகிச்சையைக் கைவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. நாம் நம்பியதைவிட அதன் பயன் மிகக் குறைவு என்று மட்டுமே சொன்னார்.

அதற்கே எதிர்ப்புக் கிளம்பியது. 1837இல் பாரிஸ் மருத்துவ அகாதெமியில் நடந்த விவாதத்தில், ஒவ்வொரு நோயாளியும் தனி ஒருவர், மனிதர்களைக் கூட்டிக் கழித்துச் சராசரி காண்பது மருத்துவமே ஆகாது என்று வாதிட்டார்கள். இந்த வாதம் இன்றும் நம் ஊரில் எல்லா வைத்தியத் துறையினரிடமும் கேட்பதுதான், அலோபதியரையும் சேர்த்தே சொல்கிறேன். குருதி வடித்தல் ஒரே நாளில் ஓய்ந்துவிடவில்லை. நவீன மருத்துவத்தின் தந்தையருள் ஒருவராக மதிக்கப்படும் வில்லியம் ஆஸ்லரின் 1892ஆம் ஆண்டுப் பாடநூலே நிமோனியா நோயாளிகளில் சிலருக்கு அதைப் பரிந்துரைத்தது.

உங்கள் தாத்தாவின் சொல்லுக்கு வருகிறேன். அவர் சொன்னதில் முழுவதும் தவறில்லை. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோயிலும், உடலில் இரும்புச் சத்து தேங்கும் நோயிலும் இன்றும் குருதியை எடுத்துத்தான் சிகிச்சை செய்கிறார்கள். துண்டான விரலை ஒட்ட வைத்தபின் அதில் தேங்கும் குருதியை வடிக்க அட்டையைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் அதற்கு அனுமதி அளித்தது. ஆனால் இந்தச் சில நோய்களில் பயன் உண்டு என்பதைச் சிகிச்சையின் வயது நமக்குச் சொல்லவில்லை. காய்ச்சல், வலிப்பு, நிமோனியா என அது பயன்பட்ட நூற்றுக்கணக்கான நோய்களுக்கும் அதே வயதுதானே. எதில் பயன், எதில் கேடு என்று பிரித்துக் காட்டியது பிற்கால ஆய்வு.

வான் ஹெல்மான்ட் கேட்ட சீட்டுக் குலுக்கல் பெரிய அளவில் நடந்தது காசநோயில். 1948இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் 107 நோயாளிகள் இடம்பெற்றனர். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மூடி முத்திரையிட்ட உறைகள் முடிவு செய்தன. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர், பெறாத 52 பேரில் 14 பேர். மருந்து பெறாதவர்களிலும் 4 பேர் நன்றாகவே தேறினார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த நால்வருக்கும் யாராவது ஒரு கஷாயம் கொடுத்திருந்தால் அது காசநோய் மருந்தாகப் பெயர் பெற்றிருக்கும்.

இதன் அடுத்த கட்டம் சென்னையில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. காசநோயாளிக்குத் தூய காற்றும், முழு ஓய்வும், ஊட்டமான உணவும் தரும் சானடோரியமே சிகிச்சை என்று 1850களில் ஜெர்மனியில் தொடங்கிய முறை ஒரு நூற்றாண்டாக உலகெங்கும் நிலைத்திருந்தது. அதன் நினைவாகத் தாம்பரத்துக்கு அருகே ஒரு ரயில் நிலையமே அந்தப் பெயரில் இருக்கிறது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் இந்தியாவில் இருந்த படுக்கைகளோ மிகச் சொற்பம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மற்றவர்களைத் தம் நெரிசலான வீடுகளிலேயே இருக்க விட்டார்கள். இரு சாராருக்கும் ஓராண்டு முழுவதும் ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டு காசநோய் மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் உணவு குறைவு, ஓய்வு குறைவு. ஆயினும் 1959இல் முடிவு வெளியானபோது அவர்கள் குணமடைந்த அளவு சானடோரியத்தாரை மிக நெருங்கியே இருந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தொற்றுமே என்ற அச்சத்துக்கும் விடை தேடி, குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் உறவினரிடையே காசநோய் கூடுதலாகத் தோன்றவில்லை. உலகின் பல நாடுகளில் காசநோய்ச் சிகிச்சை புற நோயாளிப் பிரிவுக்கு மாறியதற்கு அந்த முடிவு ஒரு பெரிய காரணம்.