அமெரிக்க காங்கிரஸில் கலைக்கப்பட்ட குழுக்களின் பணி எங்கே போனது? பழைய ஆவணங்களை எப்படித் தேடுவது?

குழு ஒழிந்தாலும் அதன் அதிகார வரம்பு ஒழியாது. வேறொரு குழுவுக்குக் கைமாறும். 1995 ஜனவரியில் கீழவையான பிரதிநிதிகள் சபை மூன்று நிலைக்குழுக்களைக் கலைத்தது. கொலம்பியா மாவட்டக் (தலைநகர் வாஷிங்டன்) குழு, அஞ்சல் மற்றும் குடிமைப்பணிக் குழு இரண்டும் அரசுச் சீர்திருத்தக் குழுவோடு சேர்ந்தன. வணிகக் கப்பல், மீன்வளக் குழுவோ சிதறியது: மீன்வளம் இயற்கை வளக் குழுவுக்கு, கடலோரக் காவல் போக்குவரத்துக் குழுவுக்கு. ஆகவே ஒரே வாரிசுக் குழுவைத் தேடினால் பாதி விஷயம் கைநழுவிவிடும்.

இதைவிடப் பெரிய களையெடுப்பு 1946-ஆம் ஆண்டின் மறுசீரமைப்புச் சட்டம். கீழவையில் 48 நிலைக்குழுக்கள் 19 ஆகவும், செனட்டில் 33 குழுக்கள் 15 ஆகவும் குறைந்தன.

பலர் தடுமாறும் இடம், 1950-களில் கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பெயர்பெற்ற ஜோசப் மெக்கார்த்தி. 'அமெரிக்க விரோதச் செயல்கள்' குழுவை அவருடையது என்று நினைத்துவிடுகிறார்கள். அவர் செனட்டர், அந்தக் குழுவோ கீழவையுடையது. அது 1938-இல் சிறப்புக் குழுவாகத் தொடங்கி, 1945-இல் நிலைக்குழுவாகி, 1969-இல் உள்நாட்டுப் பாதுகாப்புக் குழு எனப் பெயர் மாறி, 1975-இல் கலைந்தது. மெக்கார்த்தி தலைமை வகித்த செனட் புலனாய்வுத் துணைக்குழு இன்றும் இயங்குகிறது. அவையைத் தவறாகப் பிடித்தால் தேடல் முழுதும் வீண்.

ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன: கீழவைக்கு ஆவணத் தொகுதி எண் 233, செனட்டுக்கு 46, இரு அவைகளின் கூட்டுக் குழுக்களுக்கு 128. 1977-இல் கலைந்த அணுசக்திக் கூட்டுக் குழுவை 128-இல்தான் தேட வேண்டும். பொதுவாக, வெளியிடப்படாத கீழவைக் கோப்புகள் 30 ஆண்டுகளிலும் செனட் கோப்புகள் 20 ஆண்டுகளிலும் திறக்கப்படும். தனிநபர் விசாரணைகளுக்கு 50 ஆண்டுகள்.