எதிர்வீட்டுப் பெர்சியானா

கேள்வி: வேலைக்காக பார்சிலோனாவின் கிராசியா பகுதியில் தனியாகக் குடியிருக்கிறேன். எதிர்வீட்டில் எண்பது வயதிருக்கும் ஓர் அம்மா, கீழ்வீட்டில் ஒரு பெரியவர், அவர்களும் தனிக்கட்டைகள்தான். படிக்கட்டில் ‘போன் தியா’ (கத்தலான் மொழியில் காலை வணக்கம்) சொல்வதோடு சரி. எப்படிப் பழகுவது?
– ஒரு வாசகி

பதில்: அந்த ‘போன் தியா’வை விட்டுவிடாதீர்கள், அதுதான் அஸ்திவாரம். முதல் நாளே சாம்பார்க் கிண்ணத்தோடு போய் நின்றால் மிரண்டுபோவார்கள். அந்த ஊரில் சிநேகிதர்களையே வீட்டைவிட பாரில்தான் அதிகம் சந்திப்பார்கள்.

உங்கள் கட்டடத்தின் நடுவே துணிக்கொடி கட்டிய திறந்த முற்றம் இருக்குமே, செலொபெர்ட் என்பார்கள். ‘திறந்த வானம்’ என்று அர்த்தம். உங்கள் துணி சொட்டுவது பெரியவரின் துணிமேல். நன்றாகப் பிழிந்து போடுங்கள், இல்லாவிட்டால் பேச்சு சண்டையில்தான் தொடங்கும். கிளிப்போ சாக்ஸோ கீழே விழுந்தால் நல்லதாகப் போயிற்று, கேட்டு வாங்கப் போங்கள். பகல் 2 முதல் 5 வரை மணி அடிக்கக் கூடாது. சாப்பாடும் ஓய்வுமான நேரம் அது. காலை 11 மணி உத்தமம். வாசலிலேயே நின்று பேசிவிட்டு வந்துவிடுங்கள்.

அந்த அம்மாவின் ஜன்னல் பெர்சியானா (உருட்டித் தூக்கும் மறைப்பு) பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள். அதைத் தூக்கி இறக்கும் நாடா அறுந்திருக்கலாம். சுவரிலுள்ள சுருட்டியில் நுழையும் இடத்தில்தான் உரசி உரசித் தேயும். வயதானவர்கள் யாரிடமும் சொல்லாமல் இருட்டிலேயே இருந்துவிடுவார்கள். பழைய நாடாவில் ஒரு துண்டை ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோய் அதே அகலத்தில் வாங்குங்கள். 14, 22 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு. சுருட்டியைக் கழற்றும்போது உள்ளிருக்கும் சுருள்வில்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், விட்டால் விர்ரென்று சுழன்று விரலைப் பதம்பார்க்கும்.

தினமும் ஒன்பதுக்கு ஏறும் பெர்சியானா ஒருநாள் மதியம்வரை ஏறாவிட்டால் மணி அடியுங்கள். பதில் இல்லையென்றால் பெரியவரையும் பக்கத்துக் கடைக்காரரையும் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் அவசர உதவி எண் 112. இப்படிக் கவனிப்பதற்கென்றே ‘ராதார்ஸ்’ திட்டம் 2008இல் உங்கள் பகுதியில்தான் தொடங்கியது. மருந்துக்கடைக்காரர், மளிகைக்காரர், அண்டை வீட்டார் என எல்லாரும் அதில் கண்கள். மாறுதல் தெரிந்தால் சமூக சேவைப் பிரிவுக்குச் சொல்வார்கள். நீங்களும் சேரலாம்.

ஆகஸ்ட் 15 வாக்கில் கிராசியா திருவிழா. பழைய பாட்டில், அட்டை, காகிதத்தை வைத்துத் தெருவையே அலங்கரிக்க மாதக்கணக்கில் முன்பே உட்கார்ந்துவிடுவார்கள். உங்கள் தெரு கலந்துகொள்கிறதா என்று அந்த அம்மாவிடமே கேளுங்கள். கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாமல்தான் அவர் போவதை நிறுத்தியிருக்கலாம். அவர் உட்கார்ந்து காகிதப்பூ வெட்டட்டும், ஏணியில் ஏறிக் கம்பி கட்டும் வேலை உங்களுக்கு.