12,000 சுற்றில் சூடாகும் ஸ்பிண்டில்

வணக்கம் நண்பரே. மினி மில் என்ற சிறு உலோகம் வெட்டும் இயந்திரத்தின் தலையில் பக்கவாட்டில் நீங்கள் செய்து மாட்டிய ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைப் பிடித்துச் சுழலும் தண்டு), நிமிடத்துக்கு 12,000 சுற்றில் ஐந்தே நிமிடத்தில் கை வைக்க முடியாமல் சுடுகிறது என்கிறீர்கள். இரண்டு 7002 பேரிங்கையும் (அச்சு விசையை ஒரு பக்கம் மட்டும் தாங்கும் சாய்தொடர்பு வகை) பின் நட்டால் நேரடியாக இறுக்கியதுதான் வினை. 1 மி.மீ. புரியில் கால் சுற்று திருப்பினால் நட் 0.25 மி.மீ. நகரும்; இங்கே தேவையோ மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒன்று) கணக்கு. ஓடும்போது உள்வளையம் அதிகம் சூடாகி விரியும், இறுக்கம் கூடும், மேலும் சுடும்.

உள்வளையங்களுக்கு நடுவே இருமுகமும் இணையாகக் கடைந்த குழாய் ஸ்பேசர் (இடைவெளி காக்கும் துண்டு) போடுங்கள். பிறகு நட்டை நன்றாகவே இறுக்கலாம். முன் பேரிங்கின் வெளிவளையம் அசையக் கூடாது. பின் பேரிங்கின் வெளிவளையம் கையால் தள்ளினால் நழுவ வேண்டும். அதை உள்ளிருந்து பின்னோக்கி ஒரு அலை வாஷர் (ஸ்பிரிங் போல் அமுங்கும் நெளிந்த வளையம்) தள்ளட்டும், 4–5 கிலோ விசை போதும். வெளிவளையங்களின் அகன்ற முகங்கள் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். இதைத் தலைகீழாக மாட்டினால் மொத்த வேலையும் வீண்!

கிரீஸ் காலிடத்தில் கால் பங்குதான். முழுக்க அடைத்தால் அது கடைபட்டே சூடேறும். 3000, 6000, 9000 சுற்று என்று தலா இருபது நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு முறையும் ஆறவிட்டுப் பழக்குங்கள்.

1 மி.மீ. எண்ட்மில் (வெட்டும் கருவி) போடுமுன், அதைப் பிடிக்கும் கோலட்டில் டயல் அளவி வைத்துப் பாருங்கள். ஆட்டம் 0.01 மி.மீ.-ஐத் தாண்டினால் எளிதில் ஒடியலாம்.