வாசகர் கேள்வி – பதில்: கோயில் நடத்தும் முதியோர் இல்லத்தில் காலைப் பூசை கட்டாயமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் கோயில் நிர்வாகத்தினர் பழைய மரவீடு ஒன்றைப் புதுப்பித்து, ஆதரவற்ற முதியவர்களுக்கான இல்லமாக நடத்தி வருகிறார்கள். அங்குள்ளவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள். சிலர் கத்தோலிக்கர்கள், ஒருவர் சீனப் பெரியவர். அண்மையில் இல்லப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். காலை ஐந்தரை மணிப் பூசைக்கும் பஜனைக்கும் எல்லாரும் வர வேண்டும், அது முடிந்த பிறகுதான் பசியாற வேண்டும் என்பது நிர்வாகத்தின் விதி. "கோயில் சோறு சாப்பிடுகிறவர் சாமி கும்பிட வேண்டாமா?" என்று தலைவர் கேட்கிறார். இந்த விதியை ஏற்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. மறுத்துப் பேசவும் தெரியவில்லை. நான் எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, தலைவர் கேட்ட கேள்விக்குத்தான் முதலில் விடை காண வேண்டும். அதைத் தீர்க்காமல் மற்ற எதையும் நீங்கள் செய்ய இயலாது. கோயிலின் பெயரால் ஓர் இல்லம் நடக்கும்போது அந்தப் பெயர் சுமத்துகிற கடமைகள் எல்லாம் நடத்துகிறவர்களையே சேரும். கணக்கில் நேர்மை, பேச்சில் பொறுமை, படுக்கையில் கிடப்பவரின் அழுக்கைத் துடைக்கும்போது முகம் சுளிக்காமை ஆகியவற்றை நிர்வாகம் தன்னிடமும் தன் பணியாளர்களிடமும் கண்டிப்பாக எதிர்பார்க்கலாம். தங்கியிருக்கும் முதியவரிடம் பக்தியைச் சோற்றுக்கு விலையாகக் கேட்க அதற்கு உரிமை இல்லை. அன்னதானப் பந்தியில் உட்காருகிறவரிடம் "கும்பிட்டுவிட்டாயா?" என்று கேட்ட பிறகு இலை போடும் வழக்கம் நம் கோயில்களில் இல்லை. அந்த வழக்கத்தையே இல்லத்திலும் கடைப்பிடிப்போம் என்று தலைவரிடம் சொல்லிப் பாருங்கள். கோயில் காரியங்களில் ஊறியவர் என்பதால், சட்டம் பேசுவதைவிட இது அவர் மனத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

இல்லத்து முதியவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள். இளம் வயதிலேயே, விடியுமுன் மணியோசைக்கு எழுந்து, பிரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வரிசையாக நின்று, தோட்ட எழுத்தரான கிராணி பெயர் வாசிக்கும்வரை காத்திருந்து வேலைக்குப் போனவர்கள் அவர்கள். வராதவருக்கு அன்று கூலி இல்லை. ஓய்ந்துபோன வயதில், அதே இருட்டு நேரத்தில், வந்தவர் யார் வராதவர் யார் என்று பார்த்துப் பசியாற விடுவது, அவர்களை மறுபடியும் பிரட்டில் நிறுத்துவதுதான். எந்தத் தலைவரும் இதை எண்ணிச் செய்திருக்க மாட்டார். ஆனால் அங்கே நிற்கும் முதியவருக்கு அது அப்படித்தான் இருக்கும்.

இந்த விதியில் மருத்துவ அபாயமும் இருக்கிறது. நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவருக்கும் சிலவகை மாத்திரைகளை உட்கொள்கிறவருக்கும் உணவு தள்ளிப்போனால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குமீறி இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், குழப்பம் என்று தொடங்கி மயக்கம் வரை போகும். அந்த நிலையில் குளியலறைக்கோ பூசை அறைக்கோ நடந்து போகிற முதியவர் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டால், பிறகு பழையபடி எழுந்து நடமாடுவது பலருக்கு முடியாமலே போய்விடுகிறது. ஆகவே பசியாறும் நேரத்தை மருந்து நேரம் தீர்மானிக்கட்டும். பூசை அதன் வழியில் நடக்கட்டும். புரட்டாசிச் சனிக்கிழமையும் கந்த சஷ்டியும் வரும்போது விரதம் இருக்க ஆசைப்படுகிறவரைத் தடுக்க வேண்டாம். சில வாரங்களுக்கு முன்பே அவரை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, விரத நாளில் எந்த மருந்தை எப்போது, எவ்வளவு எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பூசையைக் குறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கட்டாயம் நீங்கினால் வழிபாடு அந்த இல்லத்தில் இன்னும் நன்றாக வேரூன்றும் என்பதே என் எண்ணம். மறதி நோய் கண்டவர்களில் பலருக்குப் பொழுது சாயும் வேளையில் படபடப்பு மிகுந்துவிடும். "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று கதவருகே போய் நிற்பார்கள். பிள்ளைகளின் பெயரை மறந்தவருக்கும் சிறு வயதில் மனப்பாடமான தேவாரமும் தாலாட்டும் பெரும்பாலும் மறப்பதில்லை. ஆகவே ஐந்தரை மணிப் பூசை விரும்புகிறவர்களுக்காகத் தொடரட்டும்; மாலை ஆறு மணி வாக்கில் விளக்கேற்றி, தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி போட்டு, மெதுவான குரலில் பாடும் ஒரு வேளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்க முதியவர்களை ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்கு அழைத்துச் செல்ல வண்டி ஏற்பாடு செய்யுங்கள். நடக்க முடியாதவருக்கு நற்கருணை கொண்டுவரும்படி பங்குத் தந்தையிடம் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். சீனப் பெரியவர் ஊதுவத்தி ஏற்ற ஒரு மூலை வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங் மிங் நாளில் முன்னோர் கல்லறைக்குப் போக விரும்புகிறாரா என்றும் கேளுங்கள். ஒரு கோயில் இதையெல்லாம் செய்வதால் அதன் சைவம் குறைந்துவிடாது.

உங்கள் கடிதத்தில் பதிவைப் பற்றிய பேச்சே இல்லை என்பது எனக்குக் கவலையளிக்கிறது. நன்கொடையில் இலவசமாக நடத்துகிறோம், இது வியாபாரமில்லையே என்று பல நிர்வாகங்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. ஆனால் மலேசியாவின் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டம், அதாவது 506ஆவது சட்டம், கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நான்கு பேரோ அதற்கு மேற்பட்டோரோ தங்கிப் பராமரிப்புப் பெறும் இடம் எதுவானாலும் சமூக நல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. செவிலியர் கவனிப்பு தேவைப்படும் முதியவர்களுக்கான தனியார் இல்லங்களைப் பற்றி 2018ஆம் ஆண்டின் 802ஆவது சட்டம் சுகாதார அமைச்சைச் சார்ந்தது. படுத்த படுக்கையானவர்களை இனி ஏற்கலாமா என்று நிர்வாகம் பேசத் தொடங்கும்போது, இவ்விரண்டில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை இலாகா அலுவலகத்தில் நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள். உங்களுடையது மரவீடு. அதில் கற்பூரமும் எண்ணெய் விளக்கும் எரிகின்றன. தீயணைப்பு அதிகாரிகளின் ஆலோசனையைச் சடங்குக்காகப் பெறாமல் அஞ்சிக் கேளுங்கள். எழுந்து நடக்க இயலாதவர்களின் கட்டில்களை இன்றைக்கே வாசற்கதவுக்கு அருகில் மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொருவருடைய அடையாள அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஆயுள் முழுவதும் இந்நாட்டில் உழைத்தும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டையோடு முதுமை எய்தியவர்கள் தோட்டங்களில் உண்டு. குடிமக்களுக்கு மட்டுமே உரிய முதியோர் உதவித் தொகை அவர்களுக்குக் கிடைக்காது. தேசியப் பதிவிலாகாவுக்கு அவர்களை அழைத்துச் சென்று குடியுரிமைக்கு விண்ணப்பிக்க உதவுவது, பத்து மூட்டை அரிசி நன்கொடை வாங்குவதைவிடப் பெரிய தொண்டு.

கணக்கு வழக்கில் கோயிலின் உண்டியலும் இல்லத்தின் நிதியும் ஒருநாளும் கலக்கக் கூடாது. தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது என்று தொடக்கத்திலேயே வகுத்துவிடுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெறாத நிலையில், நன்கொடைக்கு வரிக் கழிவு கிடைக்கும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கோயில் 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருந்தால், ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் கணக்கறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும். இவையெல்லாம் நிர்வாகத்தினர் அறிந்தவைதாம். நான் கூடுதலாகக் கேட்பது ஒன்று: மாதக் கணக்கை முதியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் குடும்பங்கள் வீதிக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், உங்கள் ஊரின் மைந்தரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந்தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தொழிலாளர்களை நிலத்துக்குப் பங்காளிகளாக்கினார். பத்து வெள்ளி கட்டித் தோட்டத்தில் பங்கு வாங்கிய தலைமுறை அது. அரிசிக்கும் மருந்துக்கும் எவ்வளவு செலவாயிற்று என்பதைப் புரிந்துகொள்ளும் அறிவு அவர்களுக்கு நிறையவே உண்டு.

நிர்வாகக் குழுவுக்கும் உங்களுக்கும் இடையிலான எல்லையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நிதி, கட்டடம், பொதுக் கொள்கை ஆகியவை குழுவைச் சேர்ந்தவை. யார் எப்போது குளிப்பது, யாருக்கு எந்த உணவு, எந்தப் பணியாளரை எந்த வேளையில் போடுவது என்பவை பொறுப்பாளரான உங்களைச் சேர்ந்தவை. இந்த எல்லை இல்லாத இல்லத்தில் ஒவ்வொரு குழு உறுப்பினரும் சமையலறைக்குள் வந்து ஓர் உத்தரவு போட்டுவிட்டுப் போவார், பணியாளர்கள் யார் சொல்லைக் கேட்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். இரவு வேளையில் முன்னறிவிப்பின்றி அவ்வப்போது போய்ப் பாருங்கள். புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். அது நடக்கிறதா என்பது இரவில்தான் தெரியும். பணியாளர் தூங்கிவிட்டிருந்தால் திட்டுவதற்கு முன்பு, அவர் எத்தனை மணி நேரமாக வேலையில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

பிறந்தநாள் விருந்து கொடுக்க வரும் நன்கொடையாளர்கள் முதியவர்களை வரிசையாக நிறுத்திப் படமெடுப்பதற்கு, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சம்மதம் கேட்ட பிறகே இடம் கொடுங்கள்.

கேள்வி: என் தாயார் தேவாலயம் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் இருக்கிறார். அங்கே அவரை அன்பாகக் கவனிக்கிறார்கள். ஆனால் நெற்றியில் திருநீறு பூசிக்கொள்ள அம்மா கூச்சப்படுகிறார். செபத்துக்கும் போய் உட்காருகிறார். போகச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை என்கிறார். நான் பேசலாமா?
– ஒரு வாசகி, கிள்ளான்

பதில்: பேசுங்கள், தங்கையே, ஆனால் குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம். பிறர் தயவில் வாழ்கிற முதியவர், யாரும் கேட்காமலேயே, தங்க இடம் கொடுத்தவருக்குப் பிடித்ததைச் செய்யத் தொடங்கிவிடுவார். வற்புறுத்தல் இல்லை என்பது மட்டும் போதாது என்பதை நல்ல பொறுப்பாளர் அறிவார். அடுத்த முறை போகும்போது திருநீற்றுச் சம்புடத்தைப் பொறுப்புச் சகோதரியின் கையிலேயே கொடுத்து, காலையில் குளித்த பிறகு அம்மாவுக்கு நினைவூட்டும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கையால் கிடைத்தால் அம்மாவின் கூச்சம் தானே விலகும். சமயத்தின் பெயரால் முதியவர்களைப் பேணுவதில் கத்தோலிக்கத் துறவியருக்கு நெடிய மரபு உண்டு. 1839இல் பிரான்ஸ் நாட்டில் ஜான் ஜுகான் என்னும் எளிய பெண்மணி, பார்வையற்ற மூதாட்டி ஒருவரைத் தம் இருப்பிடத்துக்கு அழைத்து வந்து தம் படுக்கையையே அவருக்குக் கொடுத்தார். அதிலிருந்து எழுந்ததுதான் ஏழைகளின் சிறு சகோதரிகள் என்ற சபை. விட்டுக்கொடுத்தவர் அங்கே இல்லத்தை நடத்தியவர். உங்கள் தாயாரின் இல்லத்தாரும் இந்த வேண்டுகோளை மனமுவந்து ஏற்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் இல்லத்தில் உறவினர் யாருமற்ற ஒரு முதியவர் இறந்துபோனார். அடக்கமா தகனமா என்று குழுவுக்குள்ளேயே சச்சரவு வந்தது. இனி எப்படி முடிவெடுப்பது?
– ஒரு குழு உறுப்பினர், பீடோர்

பதில்: இனி அந்த முடிவைக் குழு எடுக்க வேண்டாம், முதியவரே எடுக்கட்டும். இல்லத்தில் சேர்ந்து சில வாரங்கள் கழிந்து, மனம் ஓரளவு நிலைபெற்ற பிறகு, அவர் நம்பும் பணியாளர் ஒருவர் தனியே உட்கார்ந்து கேட்க வேண்டும்: எந்த முறைப்படி, புதைப்பதா எரிப்பதா, யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும், கொள்ளி வைக்கவோ செபம் சொல்லவோ யார் வர வேண்டும், சாம்பலை எந்த ஆற்றில் கரைப்பது. தெளிவு இருக்கும்போதே கேட்டு, எழுதி, கையெழுத்தோ கைரேகையோ பெற்று, ஆண்டுக்கொருமுறை மறுபடியும் கேளுங்கள். மனம் மாற அவருக்கு உரிமை உண்டு. சிலர் இந்தக் கேள்வியையே விரும்ப மாட்டார்கள், அவர்களை வற்புறுத்தாதீர்கள். இல்லத்திலேயே இறப்பு நேர்ந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவித்து அடக்க அனுமதி பெற வேண்டும் என்பதால், அடையாள அட்டை, மருத்துவ அட்டை, அண்மைய மருந்துப் பட்டியல் மூன்றையும் இந்த விருப்பத் தாளோடு ஒரே கோப்பில் வைத்து, இரவுப் பணியாளருக்கு அது எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள்.